தோம்பும் அடையாள அட்டையும்: திருகோணமலையை முன்வைத்துத் தனியாள் விவரங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் அமைப்பையும், அதன்பொருட்டுப் போரிட்ட பேரரசுகளையுமே விரித்துரைத்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் ஆகியோரின் கொடிகள் மாறிமாறிப் பறந்த கதை நாமறிந்ததே. ஆயின் அத்துறையை அண்டி வாழ்ந்த குடிமக்களைப் பற்றி ஆட்சியாளர் எவற்றை அறிந்து வைத்திருந்தனர், அவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது, யாருக்குத் தீங்காயிற்று என்னும் வினாவும் வரலாற்று மாணவர்க்கு உரியதே. ஒருவர் தம் பெயரையும் பிறந்த நாளையும் இருப்பிடத்தையும் உறவினரையும் இணையத்தின் வழியே உலகறியத் தாமே வெளியிடும் இக்காலத்தில், அவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடையதாகும்.

கோயிலும் தோம்பும்

குடிகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து வைத்தல் அந்நியர் புகுத்திய வழக்கமன்று. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, திருக்கோணேச்சரத்தின் தொழும்புகளை இன்ன குடியினர் இன்னவாறு செய்தல் வேண்டும் என வகுத்துரைக்கின்றது. தானத்தார், வரிப்பத்தார் எனக் குடிகளைப் பிரித்து, அவர்தம் கடமையையும் உரிமையையும் அது பதிந்து வைத்துள்ளது. ஒருவன் இன்ன குடியிற் பிறந்தான் என்னும் செய்தி அங்கு அவனுக்குரிய இடத்தைக் காட்டியது. அவ்விடத்தை விட்டு அவன் விலகாதவாறும் தடுத்தது. பதிவேடு என்பது காப்பாகவும் கட்டாகவும் ஒருங்கே அமையும் இயல்பினை நாம் முதன்முதல் காண்பது இங்கேயாகும்.

போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த தோம்பு முறையை ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளில் விரிவுபடுத்தினர். ஆட்களையும் குடும்பங்களையும் பதிந்தவை ஒருவகை. காணிகளைப் பதிந்தவை இன்னொரு வகை. வரி அறவிடுதலும் ஊழியம் பெறுதலுமே இவற்றின் நோக்கமாகும். 1786ஆம் ஆண்டு திருகோணமலையில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம் முதலிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய நாட்குறிப்பும் இவ்வகை ஆர்வத்தின் விளைவே. நிலத்தின் விளைவையும் குடிகளின் நிலையையும் அறிந்தாலன்றிக் கும்பனியின் இலாபத்தைப் பெருக்கவியலாது என்பதை அவ்வதிகாரிகள் நன்கு உணர்ந்திருந்தனர்.

எனினும், வரிக்காக எழுதப்பட்ட தோம்பே பிற்காலத்தில் ஒருவரின் காணியுரிமைக்குச் சான்றாக நீதிமன்றங்களில் நின்றது. வான் சென்டனின் நாட்குறிப்போ இன்று இம்மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்றியமையாத ஆதாரமாக விளங்குகின்றது. ஒரு நோக்கத்திற்காகத் திரட்டப்படும் விவரம் பிறிதொரு நோக்கத்திற்குப் பயன்படும் என்பதே இதனாற் பெறப்படுவது. இங்கு அம்மாற்றம் நன்மையாய் முடிந்தது. எங்கும் அவ்வாறே முடியும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை.

உடைக்கப்பட்ட கடிதங்கள்

1942ஆம் ஆண்டு பெப்புருவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலை பெருந்தளமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றைய தினமே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

இச்சூழலிற் கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. போர்க்காலத்து இலங்கைத் தபாலுறைகள் பலவற்றில், தணிக்கையாளர் பார்த்து அனுமதித்தமையைக் காட்டும் முத்திரையை இன்றும் காணலாம். கப்பல்களிலோ மாலுமிகளின் கடிதங்களை அவர்களுடைய அதிகாரிகளே படித்தனர். மனைவிக்கு ஒருவன் எழுதியதைப் படித்த அதிகாரி, மறுநாட் காலை அவனையே மேற்றளத்திற் சந்திக்க வேண்டியிருந்தது. அந்தரங்கம் என்பது அங்கே போரின் தேவைக்கு அடகுவைக்கப்பட்டது.

தணிக்கையின் அடிப்படைக் கருத்து ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. கப்பலின் பெயர், நின்ற இடம், புறப்படும் நாள் ஆகியவற்றை எழுதுதல் விலக்கப்பட்டிருந்தது. இவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து நோக்கின் அதனால் வரக்கூடிய தீங்கு சிறிதே. ஒரு மாலுமி தன் அன்னைக்கு இங்கே வெயில் கடுமை என்று எழுதலாம். மற்றொருவன் அடுத்த திங்கள் வீட்டிலிருப்பேன் என்று எழுதலாம். வேறொருவன் தோழனின் பெயரைக் குறிப்பிடலாம். மூன்றையும் ஒருங்கு சேர்த்துப் படிக்கும் பகைவனுக்கோ கப்பலின் பயணம் முழுவதும் புலனாகிவிடும். எழுதுபவன் தன் கடிதம் ஒன்றையே அறிவான். திரட்டுபவன் எல்லாக் கடிதங்களையும் அறிவான். ஆபத்து இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. இன்றைய இணையத்திற்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்துவதாகும்.

அட்டையும் பட்டியலும்

போர்க்காலத்தில் அரிசிப் பங்கீட்டிற்காக வந்த கூப்பன் புத்தகம், ஒவ்வொரு வீட்டின் தலைகளையும் எண்ணச் செய்தது. 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தபோது வீட்டு விவரங்கள் புதிய கைகளுக்கு மாறின. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழி, 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன.

அவ்வட்டையின் பழைய இலக்கமே உரியவரைப் பற்றிப் பேசவல்லது. முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களாயின் அம்மூன்றெண்ணுடன் ஐந்நூறு கூட்டப்படும். இலக்கத்தை மட்டும் அறிந்தவர் வயதையும் பாலையும் அறிந்துகொள்வர். அன்றியும், பிற மாகாணங்களில் வழங்கிய அட்டைகள் சிங்களத்தில் மட்டும் அமைய, வடக்குக் கிழக்கில் வழங்கியவற்றில் தமிழும் இடம்பெற்றது. தமிழனுக்கு அவன் மொழியில் ஆவணம் கிடைத்தல் உரிமையே. எனினும் போர்க்காலச் சோதனைச் சாவடியில் அதே மொழி அவனுடைய ஊரைக் காட்டிக்கொடுத்தது.

1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் சில, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பல ஆய்வாளராற் பதிவு செய்யப்பட்டுள்ளது. அவ்வாரத்திலே திருகோணமலை நகரிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மக்களாட்சியில் ஒருவருக்குள்ள குரலை உறுதிப்படுத்த எழுதப்பட்ட பட்டியல், அவரது வாயிலை அடையாளங் காட்டும் பட்டியலாயிற்று. அதில் எழுதப்பட்டிருந்த பெயரும் முகவரியும் மாறவில்லை. அதனை ஏந்திய கை மட்டுமே மாறியது.

தோம்பு எழுதிய ஒல்லாந்தரின் தாயகத்திலும் இத்தகைய கொடுமை நிகழ்ந்தது. மிகச் செம்மையாகப் பேணப்பட்ட அந்நாட்டுக் குடிப்பதிவேடுகள், ஜேர்மானியர் ஆட்சியில் யூதரைத் தேடிப் பிடிப்பதற்குத் துணைபோயின. 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்ரர்டாம் நகரின் பதிவகத்திற்குத் தீவைத்தனர். அவர்களுட் பன்னிருவர் அவ்வாண்டே சுட்டுக்கொல்லப்பட்டனர். கடிதக்கட்டையும் காகிதத்தையும் எரிப்பதற்காக மனிதர் உயிர்கொடுக்க நேர்ந்தது.

1983ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு திசெம்பர் 15ஆம் நாள் மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், குடிசன மதிப்பீடு பற்றிய வழக்கில், தம்மைப் பற்றிய விவரங்களின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அவ்வவர்க்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. தன் பழைய பாவத்திலிருந்து ஒரு நாடு கற்ற பாடம் அது.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பே. எல்லாவற்றையும் மறைத்தல் நன்றாயின் உண்மை எவ்வாறு வெளிப்படும்? இதற்குத் திருகோணமலையே விடை தருகின்றது. 2006 சனவரி 2ஆம் நாள் கடற்கரையோரத்தில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்தமையால் அவர்கள் இறந்தனர் எனக் கூறப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் புலப்படுத்தின. அம்மாதம் 24ஆம் நாள் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அப்படங்கள் வெளிவந்திராவிடின் பொய்யே வரலாறாய் நிலைத்திருக்கும். ஆகவே அந்தரங்கம் என்பது அதிகாரத்தின் செயல்களை மூடும் திரையன்று. ஆள்வோர் செய்வன குடிகளுக்குத் தெரிய வேண்டும். குடிகளின் வாழ்வு ஆள்வோர்க்கும் அயலார்க்கும் தேவைக்கு மேற் தெரியவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொது அலுவலகங்களின் கதவைத் திறந்த வேளையிலும், பொதுநலன் வேண்டினாலன்றித் தனியாள் விவரங்களைக் காத்தமை இவ்வேறுபாட்டை உணர்ந்தமையாலேயாம்.

ஆவணமின்மையும் ஒரு கேடே. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியபோது, உறவுகளோடு பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்தோர் தாம் யாவர் என நிறுவவே இடர்ப்பட்டனர். எனவே பதிவேடே வேண்டாம் என்பதன்று நம் வாதம். எந்நோக்கத்திற்காக விவரம் பெறப்பட்டதோ அந்நோக்கத்தின் எல்லையை அது தாண்டலாகாது என்பதே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இக்கோட்பாட்டையே கொண்டுள்ளது. ஆயினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்கம் வெளிப்படையாக இடம்பெறவில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் அதனை அடிப்படை உரிமையென ஏற்றமையை இதனுடன் ஒப்புநோக்கலாம்.

நாமே எழுதும் தோம்பு

தோம்பை எழுத ஒல்லாந்தனுக்குக் கணக்கப்பிள்ளைமார் தேவைப்பட்டனர். இன்று அவ்வேலையைக் கூலியின்றி நாமே செய்கின்றோம். பிறந்தநாள் வாழ்த்தை உலகறியப் பெறும் மாணவி, தன் அடையாள இலக்கத்தின் ஒரு பகுதியை வெளியிட்டவளாகின்றாள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையோ கடவுச்சீட்டையோ மகிழ்ச்சி மேலீட்டாற் படமெடுத்துப் பகிர்வோர், அதிலுள்ள இலக்கங்களையும் முகவரியையும் உடன் பகிர்கின்றனர். குடும்பத்தோடு கதிர்காமம் சென்றுள்ளோம் என அறிவிப்போர், வீடு பூட்டிக் கிடப்பதையும் அறிவிக்கின்றனர். சீருடை அணிந்த சிறுவனின் படம் அவன் பள்ளியைச் சொல்லிவிடும். தணிக்கையாளர் அஞ்சிய அதே சேர்க்கை இங்கும் நிகழ்கின்றது. சேர்ப்பது மட்டும் இன்று இயந்திரம்.

ஆதலின் வெளியிடுமுன் சிலவற்றை எண்ணுதல் நலம். இவ்விவரத்தை இன்று காண்போர் யார் என்பதோடு, நாளை காணக்கூடியோர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். முன்பு வெளியிட்டவற்றோடு இது சேருமாயின் எது புலனாகும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, இது நமக்கு மட்டும் உரியதா என வினவுதல் வேண்டும். திருமண வீட்டுப் படத்தில் நிற்கும் உறவினரும் பின்வரிசையில் நிற்கும் நண்பரும் தத்தம் காரணங்களால் மறைந்திருக்க விரும்பலாம். எங்கள் மாவட்டத்தில் அக்காரணங்கள் கற்பனையல்ல.

முடிவுரை

கோயில் தொழும்பு முதற் கைத்தொலைபேசி வரை, திருகோணமலை மக்களைப் பற்றிய விவரங்கள் கை மாறிக்கொண்டே வந்துள்ளன. எழுதியவன் எண்ணியிராத பயனை அவை தந்ததுமுண்டு. எண்ணியிராத தீங்கை விளைத்ததுமுண்டு. பட்டியல் எழுதப்படும் நாளில் அது யார் கையிற் சேரும் என எவராலும் கூறவியலாது. ஆயினும் அதில் எதை எழுதுவது, எதை எழுதாது விடுவது என்னும் முடிவிற் சிறு பகுதியாவது இன்று நம்மிடம் உள்ளது. நம் முன்னோர்க்குக் கிட்டாத அவ்வுரிமையைப் பேணிக் கொள்ளுதல் கற்றோர் கடனாகும்.