எண்ணால் அளந்த அறம்: ‘அல்டிமா’ ஆட்டங்களின் வரலாறு

அறத்தை ஆட்டத்தின் வழியே புகட்டலாம் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து வைத்து ஆடும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்களில் நெடுங்காலம் இருந்தது. கீழ்க்கட்டத்தில் புறப்படும் காய் ஓர் உயிரைக் குறிக்கும். உச்சியில் இருப்பது பரமபதம். நற்குணத்தின் பெயர் தாங்கிய ஏணி உயிரை மேலே ஏற்றும். தீக்குணத்தின் பெயர் தாங்கிய பாம்பு கீழே தள்ளும். இந்திய மண்ணில் பல வடிவங்களில் வழங்கிய இவ்வாட்டம் கடல் கடந்து சென்று, 1890களில் இலண்டன் கடைகளில் சிறுவர் விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. அங்கே அறப்பெயர்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. பாம்பும் ஏணியும் எண்களும் மட்டும் எஞ்சின. 1943இல் அமெரிக்காவில் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் நீக்கிச் சறுக்குமரத்தை வைத்தது.

பரமபதம் சிறந்த ஆட்டமே; எனினும் ஆசிரியர் கண்கொண்டு நோக்குவார்க்கு அதில் ஒரு குறை தோன்றாமற் போகாது. பொறாமைக் கட்டத்தில் விழுந்த காய் எவர்மீதும் பொறாமை கொண்டதில்லை. தாயக்கட்டை அவ்வாறு விழுந்தது, அவ்வளவே. ஆடுவோன் அறங்களின் பெயரைக் கற்கிறான். அறத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்கு ஒருமுறையேனும் வாய்ப்பதில்லை. இக்குறையை நீக்க முயன்ற ஆட்டம் ஒன்று 1985இல் அமெரிக்காவில் தோன்றிற்று. ‘அவதாரம்’ என்னும் நம் சொல்லையே அது தன் பெயரில் தாங்கி வந்தது. ‘அல்டிமா’ என்னும் கணினி ஆட்ட வரிசையின் நான்காம் பகுதியாகிய ‘அவதாரத் தேடல்’ என்பதே அது.

கணினி ஆட்டங்களுள் ஒருவகை, ஆடுவோன் ஒரு கதைமாந்தனின் வேடத்தை ஏற்று, ஊர் ஊராகச் சென்று, மாந்தரோடு உரையாடி, பகைவரோடு பொருது, கதையைத் தானே நடத்திச் செல்வதாகும். இதனை வேடமேற்கும் ஆட்டம் எனலாம். அவ்வகையின் முன்னோடிகளுள் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். 1961இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்து டெக்சாசில் வளர்ந்தவர். பள்ளி மாணவராக இருந்தபோதே ஆப்பிள் கணினியில் ‘அகலபெத்’ என்னும் ஆட்டத்தை எழுதத் தொடங்கி, அதை நெகிழிப்பையில் இட்டுக் கடையில் விற்றார். ‘அல்டிமா’வின் முதற்பகுதி 1981இலும், இரண்டாவது 1982இலும், மூன்றாவது 1983இலும் வெளிவந்தன. இம்மூன்றன் கதைப்போக்கும் ஒன்றே: தீயோன் ஒருவன் இருக்கிறான், வலிமை பெருக்கிச் சென்று அவனை அழிக்க வேண்டும். எவ்வழியில் வலிமை பெருகியது என்று ஆட்டம் கேட்பதில்லை. கடைக்காரனிடம் திருடினும், ஊர்க்காவலனைக் கொன்றினும், இறுதியில் ஆடுவோன் உலகைக் காத்த வீரனாகவே போற்றப்பட்டான்.

மூன்றாம் பகுதியைக் கேரியட் தம் குடும்பத்தாரோடு நிறுவிய ஆரிஜின் நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். அதனால் ஆடியோர் எழுதிய மடல்கள் அவர் கைக்கே வந்துசேர்ந்தன. வீரன் என்று தாம் படைத்தவன் மக்கள் கையில் கொள்ளைக்காரனாக நடந்துகொள்கிறான் என்பதை அம்மடல்கள் காட்டின. பெற்றோர் சிலரின் கண்டனமும் வந்தது. இச்சூழலில், அவதாரம் பற்றித் தொலைக்காட்சியில் கண்ட ஒரு நிகழ்ச்சியும் தமக்குத் தூண்டுதலாயிற்று என்று அவரே கூறியுள்ளார். ஆனால் சொல்லைக் கொண்டவர் அதன் திசையை மாற்றிவிட்டார். நம் மரபில் அவதாரம் என்பது மேலிருந்து கீழிறங்கி வருதல், இறைவன் மனிதனாதல். இவ்வாட்டத்திலோ மனிதன் படிப்படியாக ஏறிச் சென்று அவதாரம் ஆகிறான். பொருளால் இது பிழை. எனினும், பரமபதப் படத்தில் ஏறும் காயின் திசையும் இதுவே என்பது எண்ணத்தக்கது.

நான்காம் பகுதியில் அழிக்க வேண்டிய தீயோன் எவனும் இல்லை. இக்காலத்தில் இது பெரிய செய்தியாகத் தோன்றாமலிருக்கலாம். அக்கால ஆட்டங்களைக் கண்டவர்க்கே இதன் துணிவு விளங்கும். வாய்மை, அருள், வீரம், நடுவுநிலைமை, ஈகம், மானம், மெய்யுணர்வு, பணிவு ஆகிய எண்வகைப் பண்புகளிலும் நிறைவெய்துவதே ஆடுவோனின் குறிக்கோள். வகுப்பறையில் திருக்குறள் நடத்தும் ஆசிரியர்க்கு இப்பெயர்கள் அதிகாரத் தலைப்புகளை நினைவூட்டும். வாய்மை, அருளுடைமை, நடுவுநிலைமை, அடக்கமுடைமை, மெய்யுணர்தல் என்பன அறத்துப்பாலில் உள்ளன. மானமும் படைச்செருக்கும் பொருட்பாலில் உள்ளன. கேரியட் குறளைக் கண்டவர் என்பதற்குச் சான்றேதும் இல்லை. அவர் எட்டையும் உண்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று வேர்களிலிருந்து பிறப்பித்தார். உண்மையும் அன்பும் கூடினால் நடுவுநிலைமை. அன்பும் துணிவும் கூடினால் ஈகம். உண்மையும் துணிவும் கூடினால் மானம். மூன்றும் கூடினால் மெய்யுணர்வு. எஞ்சியது பணிவு. அது மூன்றில் எதனோடும் சேராமல் தனித்து நிற்கிறது. கணக்கிற்காகச் செய்த ஒழுங்குதான் இது என்றாலும், பணிவை எதிலும் பங்கு கேளாத பண்பாக நிறுத்தியது தற்செயலாகவேனும் அழகாக அமைந்துவிட்டது.

ஆட்டத்தின் தொடக்கத்தில் நாடோடிக் குறிகாரி ஒருத்தி ஏழு வினாக்களைக் கேட்கிறாள். ஒவ்வொன்றும் இரண்டு நற்பண்புகளை எதிரெதிரே நிறுத்தும் வினா. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்வு என்றால் சிறுவனும் விடை சொல்லிவிடுவான். வாய்மைக்கும் அருளுக்கும் இடையே தேர்வு என்றால் முதியவரும் தயங்குவர். மாணவர்க்கு வினாத்தாள் அமைப்போர் இதனை உன்னிக்க வேண்டும். தோற்ற பண்பு விலக, வென்ற பண்பு அடுத்த வினாவிற்குச் செல்கிறது. இறுதியில் எஞ்சும் பண்பே ஆடுவோன் யாராகப் பிறப்பான் என்பதை முடிவு செய்கிறது. வாய்மையைப் போற்றியவன் மந்திரவாதியாகிறான். வீரத்தைப் போற்றியவன் போர்வீரனாகிறான். பணிவைப் போற்றியவன் ஆட்டிடையனாகி, செருக்கினால் அழிந்த ஓர் ஊரின் இடிபாடுகளுக்கருகே, படைக்கலப் பயிற்சியோ மந்திர ஆற்றலோ இன்றித் தன் பயணத்தைத் தொடங்குகிறான். பணிவுடையோனுக்குப் பரிசு கிடைக்கும் என்று ஆட்டம் பொய் சொல்லவில்லை.

இதனினும் சிறந்தது மூலிகைக் கடை. மந்திரத்திற்குரிய மூலிகைகளை விற்பவள் கண்பார்வை இழந்தவள். விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்பாள். ஆடுவோன் குறைத்துக் கொடுத்தாலும் அவள் நன்றி கூறிச் சரக்கைத் தந்துவிடுவாள். மணி ஒலிப்பதில்லை, காவலர் வருவதில்லை, திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. கணினியின் உள்ளே வாய்மைக்குரிய எண் மட்டும் குறைந்துவிடுகிறது. பல மணி நேரம் கழித்து, அரண்மனையில் இருக்கும் அறிவரிடம் சென்று தன் நிலையைக் கேட்கும்போதுதான் ஆடுவோனுக்குத் தன் களவு நினைவுக்கு வரும். அவரும் எண்ணைச் சொல்வதில்லை. பொதுவாக அறிவுரைப்பார், அவ்வளவே. செயலுக்கும் விளைவிற்கும் இடையே காலத்தை நீட்டி வைத்து, அளவுகோலையும் மறைத்து வைத்தமையே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. மதிப்பெண் தெரியாத இடத்தில் மாணவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதன்றோ ஆசிரியர் அறிய விரும்புவது?

ஆயினும் எண் எண்ணே. இரவலனுக்கு ஒரு காசு இட்டாலும் அருள் கூடும், நூறு இட்டாலும் அருள் கூடும் என்பதைச் சூழ்ச்சியுடையோர் விரைவில் கண்டுகொண்டனர். ஒரே இரவலனிடம் ஒவ்வொரு காசாகப் பலமுறை ஈந்து அருளாளராயினர். அறத்தை எண்ணாக்கிய எவரும் இக்கேட்டிற்குத் தப்ப முடியாது.

அவ்வாண்டுகளில் சிங்கப்பூரிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்திருந்தது. ஈசூன் முதலிய புதுநகரங்களில் கம்பத்து வாழ்க்கையை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விழுமியங்களை எவ்வாறு ஊட்டுவது என்று கல்வியாளர் கவலை கொண்டனர். 1984இல் உயர்நிலைப் பள்ளி மேல்வகுப்புகளில் சமய அறிவுப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. இந்து சமயக் கல்வியும் இஸ்லாமிய சமய அறிவும் பௌத்தக் கல்வியும் கன்ஃபியூசிய நெறியும் பிறவும் தேர்வுக்குரிய பாடங்களாயின. அறம் மதிப்பெண்ணாயிற்று. 1989இல் அப்பாடம் கட்டாயம் அன்று என அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுமுதல் படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குச் சமயங்களுக்கிடையிலான நல்லிணக்கம் பற்றிய கவலை முதலிய வேறு காரணங்கள் இருந்தன. எனினும், தேர்வுத்தாளில் நன்னெறி எழுதியவன் நன்னெறியாளனா என்னும் ஐயம் ஆசிரியர் அறைகளுக்குப் புதியதாக இருந்திராது.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வருமுன், கணினி வட்டுகளைப் படியெடுத்து மலிவு விலைக்கு விற்பது சிங்கப்பூர்க் கடைகளில் இயல்பாக இருந்தது. நான்காம் பகுதியின் பெட்டியில் துணியில் அச்சிட்ட நாட்டுப்படமும், இரண்டு நூல்களும், உலோகத்தாலான சிறு சின்னமும் இருந்தன. படியெடுத்த வட்டில் இவை எவையும் வாரா. குருட்டுக் கடைக்காரியை ஏமாற்றலாகாது என்று கற்பிக்கும் ஆட்டத்தை, அதை ஆக்கியவரை ஏமாற்றி வாங்கி ஆடியோரும் உலகெங்கும் இருந்திருப்பர். அந்த எண்ணை மட்டும் எந்தக் கணினியும் குறைக்கவில்லை.

ஐந்தாம் பகுதி 1988இல் வந்தது. பெருவிரைவு ரயில் ஈசூனை எட்டிய ஆண்டும் அதுவே. நான்காம் பகுதியின் வெற்றியைத் திரும்பச் செய்யாமல், கேரியட் தம் விடையையே ஐயுற்றார் என்பது பாராட்டத்தக்கது. அரசர் காணாமற் போகிறார். பொறுப்பேற்ற பிளாக்தார்ன் என்பவன் அந்த எட்டுப் பண்புகளையே சட்டமாக்கிவிடுகிறான். பொய்யுரைப்பவனின் நா அறுக்கப்படும். வருவாயில் பாதியை அறத்திற்கு ஈயாதவன் வருவாயையே இழப்பான். பண்புகளின் பெயர்கள் மாறவில்லை. அவற்றை ஏற்கும் உரிமை மட்டும் போய்விட்டது. முன்பு தேடிச் சென்ற பண்பு இப்போது அச்சுறுத்துகிறது. ஆடுவோன் அவன் பிடியில் சிக்கி, கேட்டதைச் சொல்ல மறுத்தால், உடன்வந்த தோழன் கொல்லப்படுவான், மீண்டும் உயிர்பெறான். வடிவமைப்பிலும் ஒரு புதுமை உண்டு: ஊர்மக்கள் பகலில் தொழிலுக்குச் சென்று, மாலையில் உண்டு, இரவில் உறங்குகின்றனர். கொடுங்கோலின்கீழ் வாழும் மக்கள் வெறும் பொம்மைகளாக நின்றால் கொடுமை உறைக்காது; அவர்க்கு ஒரு வாழ்நாள் இருப்பதைக் காட்டியதால் உறைக்கிறது. ஆயின் நான்காம் பகுதியின் நுட்பமான மறைகணக்கு இதில் முதன்மை இழந்துவிட்டது. அறத்தைப் பற்றிய கதையாக இது உயர்ந்தது. அறத்தை ஆடச் செய்யும் ஆட்டமாகத் தாழ்ந்தது.

1990இல் வந்த ஆறாம் பகுதி ‘பொய்த் தீர்க்கதரிசி’ என்னும் பெயருடையது. கார்காயில் எனப்படும் சிறகுடைய உயிரினம் பிரிட்டானியா நாட்டின் கோயில்களைக் கைப்பற்றியுள்ளது. வழக்கம்போல் வாளெடுத்துப் புறப்படும் ஆடுவோன் நெடுந்தொலைவு சென்றபின் ஓர் உண்மையை அறிகிறான். நான்காம் பகுதியில் அவன் அவதாரமாகும்பொருட்டு எய்திய மெய்யறிவு நூல், அவ்வினத்தாருடைய உலகின் உயிர்நாடி. அதனை அவன் எடுத்தமையால் அவர் நாடு சிதைந்து வருகிறது. அவர் மறைமொழியில் குறிக்கப்பட்ட பொய்த் தீர்க்கதரிசி அவனேதான். அவர்க்கும் வேறு மூன்று வேர்களும் அவற்றிலிருந்து பிறக்கும் எட்டுப் பண்புகளும் உள்ளன. இவ்வுண்மையை உணர அவன் முதலில் அவர்தம் மொழியைக் கற்றாக வேண்டும். கல்லாதவரை அவர் பேச்சு பொருளற்ற ஒலியாகவே கேட்கும். மொழியாசிரியர்க்கு இதனினும் உவப்பான திருப்பம் எந்த ஆட்டத்திலும் அரிது. வாளால் தீராத பகை, இரு சாராரும் அந்நூலைப் படிக்க இயலும்படி இரண்டு கண்ணாடி வில்லைகளை வைப்பதனால் தீர்கிறது. எட்டு எண்களையும் நிறைத்துவிட்டோம் என்று ஐந்து ஆண்டுகளுக்குமுன் பெருமிதம் கொண்ட ஆடுவோன், அந்நிறைவே பிறிதோர் இனத்தின் அழிவாயிற்று என்று அறியும் இடம், இவ்வரிசை முழுவதிலும் தலைசிறந்தது.

ஏழாம் பகுதி ஈசூனில் நார்த்பாயிண்ட் கடைத்தொகுதி திறந்த 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பழைய எட்டுப் பண்புகளை மக்கள் ஏறக்குறைய மறந்துவிட்டனர். அவற்றின் இடத்தில் ஒற்றுமை, நம்பிக்கை, தகுதி என இனிக்கப் பேசும் ஒரு கழகம் ஊர்தோறும் கிளை பரப்பியுள்ளது. கழகத்தின் பின்னே, நாட்டைக் கைக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு தீய ஆற்றல் ‘காப்பாளன்’ என்னும் பெயரோடு மறைந்திருக்கிறது. அவன் அடிக்கடி ஆடுவோனின் காதருகே பேசுவான். அறிவுரை போலவும் ஏளனம் போலவும் ஒலிக்கும் அக்குரல் ஆடியோர் பலரின் நினைவில் நீங்காது நின்றது. அக்குரலைக் கேட்பதற்குக் கணினியில் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலி அட்டை பொருத்தியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1981இல் சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989இல் உருவாக்கிய அட்டை அது.