வீட்டு மீன் தொட்டியில் பவளப்பாறை வைக்கலாமா? கல்லோடு ஒட்டி வரும் ஆபத்துகள் என்னென்ன? முழு விளக்கம்

ராஜபாளையத்தில் இருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோ கடலைப் பார்க்கணும்னா தூத்துக்குடி பக்கம் 100 கி.மீ-க்கு மேல் போக வேண்டும். ஆனால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் திறந்தால் நீல விளக்கு, நெமோ மீன், கலர் கலராக அசையும் பவளம் என்று கடலே ஹாலுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நம்ம வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால் 'லைவ் ராக்' என்ற பெயரில் வாங்கும் கல்லில் எதை வைத்திருந்தால் ஜெயில், எதைத் தொட்டால் ஆஸ்பத்திரி என்பது வாங்கும் பலருக்குத் தெரிவதில்லை.

பவளம் என்பது கல்லா, செடியா?

ரெண்டும் இல்லை, விலங்கு. அனிமோன், ஜெல்லி மீன் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். 'பாலிப்' எனப்படும் குட்டிக் குட்டி உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டும் வீட்டைத்தான் நாம் பவளப்பாறை என்கிறோம். பாலிப்பின் உடம்புக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்குப் பெரும்பாலான சாப்பாடு. நிறத்திலும் பாசிக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது.

கடலுக்கே அந்த நிலைமை என்றால், சித்திரை வெயிலில் ராஜபாளையத்து மாடி வீட்டில் இருக்கும் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பவளத் தொட்டியின் தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு சில்லர் தேவை, கரண்ட் பில் தனி. "எங்க ஏரியா போர் தண்ணியே உப்புதானே" என்று கேட்பவர்களுக்கு: அந்த உப்பு வேறு, கடல் உப்பு வேறு.

புலிக்கு என்ன சட்டமோ, பவளத்துக்கும் அதே சட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் வந்தது. அந்த மலையில் இருக்கும் புலியைத் தொட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது, 2001-ல் இருந்தே. பாறை கட்டும் கடினப் பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, சிவப்புக் குழாய் அடுக்கியது போல இருக்கும் 'ஆர்கன் பைப்' பவளம் எல்லாம் இதில் அடக்கம். தண்டனை குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய்.

செத்துப்போன பவளம்தானே என்ற சமாதானமும் எடுபடாது. ஷோகேஸில் வைக்கும் வெள்ளைக் கூடும் அந்த விலங்கின் பாகம்தான். வெளிநாட்டுச் சரக்கு என்று விற்பவர் சொன்னால் ஆவணத்தைக் கேளுங்கள். கடினப் பவளங்கள் எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலில் உள்ளவை.

அப்போ எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

கடினப் பவளத்துக்கு அடையாளம் அதன் எலும்புக்கூடு. உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி நடுவை நோக்கித் தகடுகள் போகும். மான் கொம்பு போலக் கிளை விட்டது, மூளை மடிப்பு போல உருண்டையானது என வடிவம் எதுவாக இருந்தாலும் இந்த அமைப்பு இருக்கும். மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகை கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன.

குழப்பம் வருவது பெயரில்தான். கடையில் 'மஷ்ரூம்' என்று சொல்வது ரெண்டு இருக்கிறது. ஒன்று எலும்பே இல்லாத, வழவழப்பான தட்டு. இன்னொன்று காளானைக் கவிழ்த்து வைத்தது போல வரிவரியான கூடு உள்ள கடினப் பவளம். இரண்டாவது அட்டவணைக்குள் வரும். அதே போல, வளைந்து கொடுக்கிறதே என்று கடல் விசிறியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது, அதுவும் தடை. நெருப்புப் பவளம் உண்மையில் பவளமே இல்லை, ஹைட்ராவின் உறவு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், நுனி மட்டும் வெளுப்பாக இருக்கும். தொட்டால் தீப்பட்டது போல எரியும்.

கல்லுக்குள் ஒளிந்து வருபவர்கள்

புதிதாக வந்த கல்லைப் பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். அப்போதுதான் ஆட்கள் வெளியே வருவார்கள்.

முதல் ஆள் 'அய்ப்டேசியா'. பழுப்பாக, பாதி கண்ணாடி போல, ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் தென்னங்கன்று மாதிரி நிற்கும் அனிமோன். நிழல் பட்டால் பொந்துக்குள் சுருங்கிவிடும். பார்க்க அழகு, ஆனால் பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக் கொன்றுவிடும். நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விட்டுப்போன துணுக்கில் இருந்தே புதிதாக முளைக்கும். தொட்டி வளர்ப்பவர்கள் சுண்ணாம்புக் குழம்பை ஊசியில் ஏற்றி அதன் வாய்க்குள் விடுவார்கள். நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பும் வேதியியல் ரீதியில் அதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, தொட்டிக்கு வேண்டாம்.

கம்பளிப்பூச்சி போல ஓரமெல்லாம் முடியோடு நெளிவது முள்புழு. பெரும்பாலும் இது நல்லவர், மிச்சம் மீதி தீனியைச் சுத்தம் செய்யும். அதன் உறவான தீப்புழுதான் வில்லன். ரெண்டையும் பார்த்து உடனே பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பதால், வெறுங்கையால் எதையும் பிடிக்க வேண்டாம். முடி குத்திவிட்டால் செலோ டேப்பை ஒட்டி உரித்து எடுக்கலாம்.

ராத்திரி தொட்டிக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் மேன்டிஸ் இறாலோ, பிஸ்டல் இறாலோ இருக்கலாம். மேன்டிஸ் இறால் மீனை அடித்தே தின்னும். கூம்பு வடிவ நத்தை எதையும் கையில் எடுக்காதீர்கள், சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும்.

கல்லைக் கொதிக்க வைக்காதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வேண்டாத உயிர் ஒட்டியிருக்கிறது, வெந்நீரில் போட்டால் செத்துவிடும் என்று தோன்றுவது நம் வீட்டுப் பழக்கம். சட்டைப் பட்டன் அளவில் கூட்டம் கூட்டமாக விரியும் 'ஜோவான்திட்' அல்லது 'பட்டன் பாலிப்' வகைகள் சிலவற்றில் 'பாலிடாக்சின்' என்ற கொடிய விஷம் உண்டு. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் விஷம் அழியாது, ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். பிரஷ்ஷால் தேய்த்தாலும், ஹை-பிரஷர் தண்ணீர் அடித்தாலும் இதே கதைதான்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணம் ஆங்கரேஜ் நகரில் ஒருவர் இப்படிப்பட்ட பவளத்தைத் தன் வீட்டுத் தொட்டியில் வைத்தார். ஏழெட்டு மணி நேரத்தில் வாயில் கசப்பான உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், தசை வலி வந்து மருத்துவமனைக்குப் போனார்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது, அறிகுறிக்குத்தான் சிகிச்சை. மூச்சு வாங்கினால் வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியேற்றி 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் "மீன் தொட்டிக் கல்லைக் கழுவினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றே தோன்றும்.

தொட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தால்?

தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்பது புண்ணியக் கணக்கு அல்ல. 'காப்பாஃபைகஸ்' என்ற அயல்நாட்டுப் பாசி தொழிலுக்காக மண்டபம் பக்கம் வளர்க்கப்பட்டது. அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வனத்துறை அதைக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. மீன் தொட்டிக்காரர்கள் விரும்பும் 'காலர்பா' பாசி 1984-ல் மொனாகோ கடற்கரையில் தென்பட்டு, மத்தியதரைக் கடலில் பரவியது.

கண்மாயில் ஊற்றுவதும் கூடாது. ஏற்கெனவே கடினப் பவளம் வீட்டில் இருந்தால், விற்கவோ கைமாற்றவோ முயற்சிக்காமல் வனத்துறையிடம் கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே புலிகள் காப்பகத்தின் துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது.

நெமோ ஆசை மட்டும்தான் என்றால் வழி சுலபம். அந்த மீனுக்குப் பவளமும் வேண்டாம், அனிமோனும் வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். கல்லுக்கு, சுட்ட செராமிக் கல் கிடைக்கிறது. அதற்குள் யாரும் ஒளிந்து வர முடியாது.