குடியும் குழந்தையும்: மலைநாட்டில் சட்டம் நடந்து வந்த வழி

சவ்வாது மலையைப் பற்றி எழுதப் புகுவோர் சந்தன மரத்தையும் சாமையையும் தேனையும் காவலூர் வானாய்வகத்தையும் தவறாது குறிப்பர். மலைச் சாராயத்தையும் சிலர் குறிப்பர். அச்சாராயம் புகுந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆயினர் என்று எழுதியோர் மிக அரியர். நம் சங்கம் கல்விக்கென அமைந்தது. ஆதலின் அவ்வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

சட்டம் இப்பிள்ளைகளை முதலில் நோக்கிய முறை கடுமையானது. 1908இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம், குடிப்பழக்கத்தால் பிள்ளையைப் பேணத் தகுதியிழந்த பெற்றோரிடமிருந்து அப்பிள்ளையை நீதிமன்றம் பிரித்து விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வழி செய்தது. அதன் அடியொற்றியே 1920இல் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. இந்தியாவில் இவ்வகையில் முதன்மையான சட்டங்களுள் அஃது ஒன்று என்பது நமக்குப் பெருமையே. எனினும் அக்காலச் சிந்தனை முழுதும், கெட்ட வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்பதாகவே இருந்தது. குடிக்கும் தந்தை நோயாளி ஆகலாம், அவனுக்கு மருந்துண்டு, அவன் தேறினால் பிள்ளைக்கு வீடு மீளும் என்னும் எண்ணம் அன்று பெரிதும் எழவில்லை.

அடுத்து வந்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் அதனைத் தொடங்கிற்று. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் சவ்வாது மலையை உள்ளடக்கிய நம் வட ஆர்க்காடு மாவட்டத்திற்கும் அது விரிந்தது. இதனால் குறைந்த வருவாயை ஈடு செய்யவே 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. மதுவிலக்கின் மடியில் பிறந்த வரி அது என்பதை இன்று நினைப்பார் இலர். போர்க்காலத்தில் நின்றுபோன மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது. 1971இல் அது தளர்ந்தது. சில ஆண்டுகளில் மீண்டது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 1991இல் மலிவு விலைச் சாராயம் நிறுத்தப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்தலாயிற்று.

கடை மூடினும் திறப்பினும் மலையில் ஊறல் நின்றபாடில்லை. வெல்லமும் வேலம் பட்டையும் ஓடை நீரும் கிடைக்கும் மறைவிடம் மலைதான். காய்ச்சியவன் பெற்ற பயன் சிறிது. முதல் போட்டவனும் கீழே கொண்டுபோய் விற்றவனும் பெற்றதே பெரிது. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டம் சாராய வணிகரை ஓராண்டு வரை சிறை வைக்க இடந்தந்தது. ஆனால் சிறை சென்றவன் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று கேட்க அச்சட்டத்தில் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் பெயரிருந்தும் ஆளில்லாத பிள்ளையின் கதை பல வேளைகளில் அங்கிருந்தே தொடங்கும். ஆசிரியராய் நெடுங்காலம் பணியாற்றிய நாம் இதனைக் கண்ணாரக் கண்டுள்ளோம். மூத்த பெண்பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருப்பாள். அடுத்தவன் ஆடு மேய்ப்பான். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இத்தகைய பிள்ளைகளுக்குச் செய்த நன்மையைக் கணக்கிட இயலாது. தந்தை எந்நிலையில் இருப்பினும் அங்கே தட்டில் சோறு உண்டு.

குடிநோயாளியை மனிதனாக நோக்கும் முயற்சி வேறிடத்தில் முளைத்தது. அமெரிக்காவில் 1935இல் குடிநோயாளிகளே கூடி ஒருவரையொருவர் தாங்கும் கூட்டமைப்பு ஒன்று தோன்றிற்று. 1951இல் அவர்தம் குடும்பத்தாருக்கெனத் தனி அமைப்பு எழுந்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோயால் தம் கணவரை இழந்த துயரத்தினின்றும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அங்கே நோயாளியோடு மனைவிக்கும் அறிவுரை வழங்கப்படும். 1989இல் அவர்கள் காவிரிப் பகுதியைச் சேர்ந்த மஞ்சக்குடியில் முகாம் நடத்தினர். நோயாளி நகரத்துக்குப் போவதற்கு மாறாக மருத்துவமே ஊருக்கு வந்தது. ஊர்ப் பெரியோரும் குடும்பத்தாரும் உடனிருந்தனர். மலையிலிருந்து திருப்பத்தூருக்கோ வேலூருக்கோ இறங்கினால் அன்றையக் கூலியை இழக்கும் நம்மவர்க்கு ஏற்ற முறை இதுவே என்பது எம் துணிபு. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்னும் பெயரில் போதை மீட்பு மையங்கள் 25 திறக்கப்பட்டன. நல்லதே, எனினும் மையம் கீழே, நோயாளி மேலே.

குழந்தைகள் சட்டமும் இதற்கிடையே திசை மாறியது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளவேண்டும் என்கின்றது. 1920க்கும் இதற்கும் உள்ள தொலைவை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலண்டனில் 2008இல் நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டன் முயற்சியால் அமைந்த குடும்ப நீதிமன்றம் ஒன்று, போதைக்கு ஆட்பட்ட தாய் தந்தையரை அடிக்கடி அழைத்துப் பேசி, சிகிச்சைக்கு ஆற்றுப்படுத்தி, தேறினோரிடம் பிள்ளையை ஒப்படைக்கின்றது. பிள்ளையைக் காக்கப் பெற்றோரைக் காத்தல் என்பது அதன் உட்பொருள்.

நம் பக்கத்திலே நடந்தது வேறு. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோரில் பலர் அன்றாடக் கூலிகள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை திங்கள்தோறும் 5,000 ரூபாயும், 5 இலட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், கல்விச் செலவும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. கொடுத்தது தகும். ஆனால் தந்தை இறந்த பின்னரே பிள்ளை அரசின் கண்ணில் பட்டது என்பதும் வரலாறே. சவ்வாது மலைக்கு அண்டை மலையாகிய கல்வராயனில் வாழ்வோர் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்கத் தொடங்கியதும் அச்சாவுகளுக்குப் பின்னரே.

உயிருடன் இருக்கும் குடிநோயாளியின் பிள்ளைக்கும் வழி ஒன்று உண்டு. நம்மவருள் அறிந்தோர் குறைவு. 2022இல் நடைமுறைக்கு வந்த 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் நிதி ஆதரவின்படி திங்களுக்கு 4,000 ரூபாய் வழங்கப்படும். விதவைத் தாயின் பிள்ளைக்கு மட்டுமன்றி, உடலாலோ பொருளாலோ பேண இயலாத பெற்றோரின் பிள்ளைக்கும் அது உரியது. சிற்றூரில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து படிக்கலாம். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்தல் வேண்டும். குழந்தைகள் நலக் குழு ஆய்ந்து பரிந்துரைக்கும். எழுதத் தெரியாத தாய்க்கு விண்ணப்பத்தை நம் சங்கத்து இளைஞர் எவரும் எழுதித் தரலாம். 1098 என்னும் எண்ணுக்கு இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை.