கிவ் அப்: சின்னச் சொற்களின் பெரிய வரலாறு

நண்பர்களே, பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவன் நான். 'டாலரேட்' என்றால் சகித்துக்கொள்வது, 'போஸ்ட்போன்' என்றால் தள்ளிவைப்பது என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் முதன்முதலாக ஓர் ஆங்கிலப் படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்த்தபோது பாதி வசனம் புரியவில்லை. 'புட் அப் வித்' என்கிறார்கள், 'புட் ஆஃப்' என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றாம் வகுப்புச் சொற்கள். சேர்த்துச் சொன்னால் தலை சுற்றுகிறது. நான் மனப்பாடம் செய்த அதே சகிப்பதும் தள்ளிவைப்பதும்தான் இவை என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் வரலாறு படித்த பிறகுதான் காரணம் வேறு என்று புரிந்தது.

இப்படி வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், டவுன் போன்ற சின்னச் சொல் ஒட்டி வருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இந்தச் சின்னச் சொற்களில் பல, அடிப்படையில் திசையைக் காட்டும் வினையுரிச்சொற்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் தாக்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியும் விட்டார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் முன்னொட்டுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், சின்னச் சொல் வினைக்குப் பின்னால் வரும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த மக்களின் பேச்சு கலந்தது. இந்தக் கலப்பு ஆங்கிலத்தில் ஏற்பட்ட மாற்றத்தை வேகப்படுத்தியது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்று ஆங்கிலம் பேசுபவர் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் 'கெட்', 'டேக்' இரண்டுமே நார்ஸ் மொழி தந்தவைதான்.

'கிவ் அப்' எவ்வளவு பழையது தெரியுமா? 12-ஆம் நூற்றாண்டில் பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பில் அது இருக்கிறது. ஸ்டீபன் மன்னர் பிஷப்புகளைச் சிறையில் அடைத்து, கோட்டைகளை விட்டுக்கொடுக்க வைத்த செய்தி அது.

இதற்கிடையில் 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, படிப்பில் இலத்தீன் என்று ஆனது. 'என்டர்', 'கன்டின்யூ' போன்றவை பிரெஞ்சு வழியாக வந்தன. 'டாலரேட்' போன்றவற்றைப் பிற்காலத்தில் படித்தவர்கள் இலத்தீனிலிருந்து எடுத்தார்கள். வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் இருந்தவர்கள் 'கோ இன்', 'கோ ஆன்' என்றே பேசினார்கள். ஒரே பொருளுக்கு ஏட்டில் ஒரு சொல், வாயில் ஒரு சொல் என்று ஆனது இப்படித்தான்.

சின்னச் சொற்களின் வேலையும் மாறியது. 'அப்' என்றால் மேலே. ஆனால் 'ஈட் அப்' என்றால் மேலே பார்த்துச் சாப்பிடு என்பதல்ல, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு என்று அர்த்தம். திசையைச் சொன்ன சொல் முடிவைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

வெளிநாட்டவருக்கு இது கஷ்டம் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் தம் புத்தகத்தில் அச்சேற்றியது 1925-இல்தான். அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பல நூற்றாண்டுகளாக வாயில் புழங்கிய ஒன்றுக்குப் பெயர் வைக்கவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நாம் படித்தது ஏட்டு ஆங்கிலம். அது தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி நமக்கு அந்நியமும் இல்லை. 'பார்', 'கொள்' இரண்டும் தெரிந்த வெளிநாட்டவருக்கு 'குழந்தையைப் பார்த்துக்கொள்' புரியுமா? 'விடு', 'கொடு' தெரிந்தால் 'விட்டுக்கொடு' விளங்குமா? நாம் இவற்றை இலக்கணம் பார்த்தா கற்றோம்? அம்மா பேசக் கேட்டுக் கற்றோம்.

அதனால் நண்பர்களே, 'லுக் ஆஃப்டர்' என்பதைப் பிரித்துப் பிரித்து அர்த்தம் தேடாதீர்கள். 'பார்த்துக்கொள்' மாதிரி முழுசாக ஒரே சொல்லாக, ஒரு வாக்கியத்தோடு சேர்த்துக் காதில் வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் கற்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் 'கிவ் அப்' செய்வதாக இல்லை!