பட்டமும் பாட்டும்

இசையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவன், "இசையில் பட்டம் படித்தால் பாடகன் ஆகலாமா, ஐயா?" என்று தன் ஆசிரியரிடம் கேட்பதுண்டு. மருத்துவனாக விரும்புபவன் இவ்வாறு கேட்பதில்லை. பட்டமின்றி அத்தொழிலில் நுழைய இயலாது என்பதை அவன் அறிவான். இசையின் நிலை வேறு. கருநாடக இசை மேடையில் ஏறிப் புகழ்பெற்ற முன்னோர் எவரும் பல்கலைக்கழகத்தைக் கண்டவரல்லர். ஆயினும் கடந்த தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இசைக்குப் பட்டயமும் பட்டமும் வழங்கப்பட்டு வருகின்றன. இவை எவ்வாறு தோன்றின, யாருக்குப் பயன்பட்டன என்பதை வரலாற்றில் தேடிக் கண்டால்தான் மாணவனின் கேள்விக்கு ஓரளவேனும் விடை கூற இயலும்.

முற்காலக் கல்வி குருகுலக் கல்வி. மாணவன் ஆசிரியர் இல்லத்திலேயே தங்குவான், நீர் எடுப்பான், ஆசிரியர் வெளியூர் செல்லுங்கால் தம்புராவைச் சுமந்து உடன் செல்வான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற படிகள் அன்றும் இருந்தன. ஆனால் பாடத்திட்டம் என்று தாளில் எழுதப்பட்ட ஒன்று இல்லை. ஆசிரியர் விடியலில் பாடும் ஆலாபனையைச் செவிமடுத்துக்கொண்டே மாணவன் வளர்ந்தான். பத்தாண்டு கற்றும் மேடை காணாதவர் உண்டு. மூன்றாண்டில் கண்டவரும் உண்டு. இம்முறையின் பெருமையைப் பலர் பாடியுள்ளனர். அதன் வாயில் குறுகலானது என்பதைச் சொன்னவர் சிலரே. இசைக் குடும்பத்தில் பிறந்தவர்க்கும், ஆசிரியரின் மனம் கவர்ந்த சிறுவர்க்குமே அவ்வாயில் திறந்தது. பிற குடும்பங்களைச் சேர்ந்த பெண்பிள்ளைகள் ஆசிரியர் வீட்டில் தங்கிக் கற்பது நினைத்துப் பார்க்கவும் இயலாத ஒன்று.

பட்டப்படிப்பு தோன்றுவதற்குமுன் இசை எழுத்து வடிவம் பெறவேண்டியிருந்தது. 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் எல்லார் கைக்கும் கிட்டின. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டினார்; 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மருத்துவம் செய்து ஈட்டிய பணத்தைச் சுருதி ஆராய்ச்சியில் கொட்டிய அப்பெருமகனுக்கு இசை உலகம் பட்ட கடன் இன்னும் முழுதும் தீரவில்லை என்பது என் எண்ணம். செவிவழிச் செல்வமாக இருந்த கலை பாடநூலில் அடங்கக்கூடியது என்ற நம்பிக்கை இத்தகைய முயற்சிகளாலேயே பிறந்தது.

1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனோடு ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1931-இல் அது இசை ஆசிரியர்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பாடகர்களுக்காக அன்றி ஆசிரியர்களுக்காகவே அக்கல்லூரி தொடங்கப்பட்டது என்பதை மாணவர் மனத்தில் இருத்தவேண்டும். மறு ஆண்டு, 1932-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை அமைந்தது. அங்கே நெடுங்காலம் பணியாற்றியவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. ஜெர்மனி சென்று மேனாட்டு இசையியலைக் கற்றுத் திரும்பிய அவர், தென்னிந்திய இசையைப் பற்றித் தொகுதி தொகுதியாகப் பாடநூல்கள் எழுதினார். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்கள், முப்பத்தைந்து தாளங்கள், கமக வகைகள் என எல்லாவற்றையும் வினாவும் விடையுமாக வகுத்துக்கொள்ளும்படி செய்தவர் அவர். இசைத் தேர்வு எழுதும் மாணவர் பலர் இன்றும் அவர் வகுத்த வழியிலேயே நடக்கின்றனர்.

சிதம்பரத்தின் கதை சற்று வேறானது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருப்பெற்ற காலத்தை ஒட்டி அங்கு இசைக் கல்லூரியும் எழுந்தது. மகா வைத்தியநாத ஐயரின் மாணவர் சபேச ஐயர் அதன் தலைமையை ஏற்றார். தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை அங்கே ஆசிரியராக அமர்ந்தார். பின்னர்ப் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவரான டைகர் வரதாச்சாரியார் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இவர்களுள் எவரும் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் 'சங்கீத பூஷணம்' என்னும் பட்டத்தை வழங்கியவர்கள் இவர்களே. குருகுலத்திலிருந்து வந்த பெரியோர் கல்லூரி மணியடிக்கும் ஓசைக்கு இணங்கிப் பாடம் சொன்ன அந்தத் தலைமுறையின் வகுப்பறை, பாதி குருகுலமாகவும் பாதி கல்லூரியாகவும் இருந்திருக்க வேண்டும். சிதம்பரத்தின் தொடக்ககால மாணவர் சிறந்து விளங்கியதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

தமிழிசை இயக்கமும் இக்கல்லூரியை ஒட்டியே எழுந்தது. தமிழ் மாணவர் படிக்கும் இசைக் கல்லூரியில் பாடப்படுவன பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளுமாய் இருப்பதேன் என்ற கேள்வியை அரசர் அண்ணாமலைச் செட்டியார் எழுப்பினார். 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதன் சார்பில் தனிக் கல்லூரியும் ஏற்பட்டது. இசை வல்லுநர் பலர் எதிர்த்தனர். நாளிதழ்களில் சொற்போர் நிகழ்ந்தது. மேடைப் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தமையால், அதில் எதைச் சேர்ப்பது என்று வழக்காட இடம் கிடைத்தது. குருகுலத்தில் இவ்வழக்குக்கு இடமே இருந்திராது.

இனி, பட்டம் பாடகரை உருவாக்கியதா என்பதைச் சிலர் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். ஜி. என். பாலசுப்பிரமணியம் ஆங்கில இலக்கியம் பயின்றவர். 1928-இல் மயிலை கபாலீசுவரர் கோயில் விழாவில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட இயலாமற்போக, அவ்விடத்தில் அமர்ந்து பாடிய இளைஞர் அவர். அன்றே மேடை அவருக்குக் கிட்டிவிட்டது. அதன் பின்னரே டைகர் வரதாச்சாரியாரின் தலைமையில் நடந்த பல்கலைக்கழகப் பட்டய வகுப்பில் சேர்ந்தார். பட்டயம் அவருக்கு மேடையைத் தரவில்லை. மேடையில் நின்றவருக்கு இலக்கணத்தைத் தந்தது. அவர் தம் இறுதிக் காலத்தில் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். அன்று கபாலீசுவரர் கோயிலில் பாட வராத முசிறியாரோ, 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கருநாடக இசை மத்தியக் கல்லூரியின் முதல்வர் ஆனார்!

எம். டி. இராமநாதனின் கதை இதற்கு எதிரானது. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர் அவர். 1944-இல் அடையாற்றுக் கலாட்சேத்திரத்தில் சேர்ந்து, அப்போது அங்கிருந்த டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, 'சங்கீத சிரோமணி' ஆனார். 1950-இல் ஆசிரியர் மறையும்வரை அவர் நிழல்போல் உடனிருந்தார். தாம் இயற்றிய பாடல்களில் 'வரததாச' என்றே முத்திரை வைத்தார். மிகத் தாழ்ந்த சுருதியில், ஒவ்வொரு சுரத்துக்கும் இடைவெளி விட்டு அவர் பாடிய முறை முதலில் கேட்டவர்க்கு விளங்கவில்லை. பின்னர் அதற்கென்றே ஒரு கூட்டம் உருவாயிற்று. கல்லூரி வழியே வந்து மேடையில் தனித்து நின்றவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அக்கல்லூரியில் ஓர் ஆசிரியரும், ஆண்டுக் கணக்கில் அவர் அருகிருக்கும் வாய்ப்பும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கல்லூரியின் எல்லை எங்குள்ளது என்பதைத் தேர்வு காட்டும். மாயாமாளவகௌளையின் சுரங்கள் யாவை என்று கேட்கலாம். விடைக்கு மதிப்பெண் இடலாம். ஒரு கீர்த்தனையைப் பிழையின்றிப் பாடுகிறானா என்று பார்க்கலாம். ஆனால் கேதாரகௌளையை விரித்து, கேட்போரை அரைமணி நேரம் அசையாமல் அமர்த்தும் ஆற்றலுக்கு நூற்றுக்கு எத்தனை இடுவது? மனோதர்மம் என்று நம்மவர் கூறுவது பல ஆண்டு கேள்வியாலும் பழக்கத்தாலும் முதிர்வது; மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் அதற்கு விதை ஊன்றலாம், அறுவடை காண்பது அரிது. வானொலி நிலையத்தார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1950-களில் இந்திய வானொலி குரல் தேர்வு முறையை வகுத்தபோது, பாடவைத்துக் கேட்டே தரம் பிரித்தது. சான்றிதழைக் கொண்டு தரம் அளிக்கவில்லை.

அப்படியானால் பட்டம் வீணோ எனில், இல்லை. அது வேறொரு வாயிலைத் திறந்தது. பள்ளிகளில் இசை ஆசிரியர் பணி, கல்லூரி விரிவுரையாளர் பணி, மாதந்தோறும் ஊதியம்: இவை இசைவாணர் வாழ்வில் புதியவை. புரவலரையும் கோயில் மானியத்தையும் நம்பி வாழ்ந்த கலைக்கு நிலையான பிழைப்பு கிடைத்தது. சென்னை மாகாண அரசு ஓவியத்துக்கும் தையலுக்கும் தேர்வு நடத்தியது போன்றே இசைக்கும் தொழில்நுட்பத் தேர்வு நடத்தியதை எள்ளி நகைத்தவர் உண்டு. அச்சான்றிதழைக் கொண்டு பள்ளிகளில் அமர்ந்து குடும்பத்தைக் காத்த பெண்மணிகள் நகைத்திருக்க மாட்டார்கள். வகுப்பறை பெண்களுக்குத் திறந்ததே பட்டப்படிப்பின் மிகப்பெரிய சாதனை என்பேன்.

எளிய குடும்பத்து இளைஞர்க்கும் அது உதவியது. சீர்காழி கோவிந்தராஜன் தமிழ் இசைக் கல்லூரியில் 'இசைமணி'யும், பின் மத்தியக் கல்லூரியில் 'சங்கீத வித்துவான்' பட்டமும் பெற்றார். அத்துடன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையை ஆசிரியராகப் பற்றிக்கொண்டார். மாறாக, கே. ஜே. யேசுதாஸ் திருப்பூணித்துறையில் 'கானபூஷணம்' முடித்துத் திருவனந்தபுரத்தில் மேற்படிப்பில் சேர்ந்தும், பண நெருக்கடியால் அதனை முடிக்க இயலாமற்போயிற்று. அவருடைய பாட்டு அதனால் குறைந்துவிடவில்லை.

பட்டத்தை ஆராய்ச்சிவரை எடுத்துச் சென்றவர்களுள் முனைவர் எஸ். இராமநாதன் தமிழாசிரியர் அறியவேண்டியவர். சிதம்பரத்தில் சபேச ஐயர், பொன்னையா பிள்ளை, டைகர் ஆகியோரிடம் பயின்ற அவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கூறும் பாலைகளையும் நரம்புகளையும் வெறும் சொற்பொருளாக விளக்கி வந்த நமக்கு, அவற்றைப் பாடிக் காட்டும் வழியை வகுத்தவர்களுள் அவர் ஒருவர். மேடைப் பாடகராகவும் திகழ்ந்த அவருக்கு 1985-இல் மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' விருது வழங்கிற்று.

யாழ்ப்பாணத்தில் 1960-இல் இராமநாதன் நுண்கலைக் கழகம் தொடங்கி, 1970-களில் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில் 1982-இல் 'யாழ்நூல்' ஆசிரியர் விபுலாநந்த அடிகளின் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. சிங்கப்பூரில் 1949-இல் தோன்றிய இந்திய நுண்கலைக் கழகம் படிமுறையாக இசை கற்பித்து வருகிறது. நம் பக்கத்து இளைஞர் சிலர் கடல் கடந்து சிதம்பரத்துக்கும் அடையாற்றுக்கும் சென்று கற்று வந்துள்ளனர். தமிழ்நாட்டில் 2013-இல் இசைக்கும் கவின் கலைகளுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே நிறுவப்பட்டது.

இத்தனை நிறுவனங்கள் எழுந்த பின்னும் ஒரு பழக்கம் மாறவில்லை. மார்கழி மாதத்தில் சென்னைச் சபாக்கள் அச்சிடும் நிகழ்ச்சிக் குறிப்புகளைப் புரட்டினால், இளம் பாடகரின் பெயருக்குக் கீழே அவர் யாருடைய மாணவர் என்பதே பெரும்பாலும் முதலில் இருக்கும். அவர் பெற்ற பட்டம், அச்சிட்டிருந்தால், அதற்கு அடுத்த வரியில் வரும்.