கார்டூ போத்தலில் ஒரு சொல்

‘சிங்கிள் மால்ட்’ என்றால் ஒரே பீப்பாயிலிருந்து வந்த விஸ்கி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில் வடித்தது என்பதே பொருள். பல பீப்பாய்கள் அதில் கலந்திருக்கலாம்.

அந்த ‘சிங்கிள்’ என்ற சொல்லுக்காக ஸ்காட்லாந்தில் ஒரு சண்டையே நடந்தது. ஸ்பேசைட் பகுதியிலுள்ள கார்டூ வடிசாலை 1824இல் உரிமம் பெற்றது. 2003 வாக்கில் ஸ்பெயினில் அதன் விஸ்கிக்கு ஏகப்பட்ட கிராக்கி, சரக்கு பத்தவில்லை. 12 வருட விஸ்கியை அவசரத்துக்குத் தயாரிக்க முடியுமா? 12 வருடத்துக்கு முன்பே வடித்திருக்க வேண்டுமே!

உரிமையாளரான டியாஜியோ, வேறு வடிசாலைகளின் மால்ட்டையும் சேர்த்தது. ‘சிங்கிள் மால்ட்’ என்பது ‘ப்யூர் மால்ட்’ ஆனது. பெயர் அதே கார்டூ, போத்தலும் கிட்டத்தட்ட அதேதான். அன்றைய சட்டப்படி அது தப்பில்லை. ஆனால் கிளென்ஃபிடிக் தயாரிக்கும் வில்லியம் கிராண்ட் நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. வாங்குபவர் ஏமாந்துபோவார் என்பதுதான் வாதம். 2004இல் டியாஜியோ பின்வாங்கியது.

2009இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் ‘ப்யூர் மால்ட்’ என்ற சொல்லையே தடை செய்தன. பல வடிசாலைகளின் மால்ட் கலந்தால் ‘பிளெண்டட் மால்ட்’ என்றுதான் போட வேண்டும். ஒரு வடிசாலையின் பெயரில் வேறிடத்துச் சரக்கை விற்கவும் முடியாது.

இதனால் சிங்கிள் மால்ட்தான் உசத்தி என்று ஆகிவிடாது. பிளெண்டட் மால்ட்டிலும் அருமையானவை உண்டு. லேபிளில் உள்ள வயதுகூட, கலந்தவற்றில் மிக இளையதன் வயதுதான். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை லேபிள் மறைக்கக்கூடாது. கார்டூ சண்டை அதற்காகத்தான்.