ஜாதகம் இருந்தது, சர்டிபிகேட் இல்லை



நவராத்திரி கொலுவை இறக்கி, தீபாவளி பட்சணத்துக்கு மாவு அரைக்கும் சமயத்தில், தில்லியில் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு கவலையும் ஆரம்பித்துவிடும். நர்சரி அட்மிஷன்! சென்ற தீபாவளிக்கு எங்கள் மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதி பட்சணத் தட்டோடு வந்தார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, பர்த் சர்டிபிகேட்டில் குழந்தை பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கு. ஸ்கூலில் ஒத்துப்பாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வருத்தமும் வந்தது. எண்பதைத் தொட்டுவிட்ட என் வாழ்க்கையில் இதே கேள்வி வேறு வேறு ரூபத்தில் வந்து படுத்தியிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் கேட்கப்படும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எதை எப்போது தயார் செய்ய வேண்டும் என்பதும் தானே விளங்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

காதைத் தொட்டவனுக்குப் பள்ளிக்கூடம்

1950 ஜூன் மாதம் தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கு என் தாத்தா என்னை அழைத்துப் போனார். கையில் ஒரு காகிதமும் கிடையாது. ஹெட்மாஸ்டர் என் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். அந்தக் காலத்தில் வயசுக்கு அதுதான் அத்தாட்சி. என் விரல் காதைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"பையன் எப்போ பிறந்தான்?"

"பார்த்திப வருஷம், தை மாசம்."

பார்த்திப வருஷம் தை என்றால் 1946 ஜனவரி. ஐந்து வயது பூர்த்தியாக இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். "பரவாயில்லை, ஜூன் ஒண்ணுன்னு போட்டுடறேன்" என்று சொல்லி, ரிஜிஸ்தரில் 1-6-1945 என்று எழுதினார். என் வயதுக்காரர்களில் ஜூன் 1, ஜூலை 1 என்று பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதன் ரகசியம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவிய என் ஜாதகம் இருந்தது. வருஷம், மாதம், திதி, நக்ஷத்திரம், உதயாதி நாழிகை எல்லாம் அதில் பிசகில்லாமல் எழுதியிருந்தது. ஆனால் பிறந்த தேதியைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1886-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விரும்பினவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில்தான் அது இருந்தது. மதராஸ் மாகாணத்துக்கு 1899-ல் தனிச் சட்டமும் வந்தது. கிராம முன்சீப்பிடம் பதிவேடு இருந்தது; எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஹெட்மாஸ்டர் போட்ட தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறியது. 1967-ல் தில்லியில் மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தபோது, அங்கிருந்து சர்வீஸ் புத்தகத்துக்குப் போயிற்று. ரிடயராகும் காலம் நெருங்கியபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது. மனுப் போட்டேன். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்து 5 வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்று 1979-லேயே விதி வந்துவிட்டதாம். அதற்கு முன்பே சேர்ந்தவர்கள் 1979-லிருந்து 5 வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று 1993-ல் ஹர்னாம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. மனு திரும்பி வந்தது.

மாதம் முதல் தேதி பிறந்தவர், முந்தின மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது சர்க்கார் விதி. அதன்படி 2005 மே 31 அன்று மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜாதகப்படி என்றால் 2006 ஜனவரி 31. எட்டு மாதச் சம்பளம் மட்டும் போயிருந்தால் பகவான் கொடுத்தது இவ்வளவுதான் என்று இருந்திருப்பேன். ஆறாவது சம்பளக் கமிஷன் 1-1-2006 முதல் அமலுக்கு வந்தது. கிராஜுவிட்டி உச்சவரம்பு மூன்றரை லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்ந்ததும் அந்தத் தேதியிலிருந்துதான். தாத்தாவையோ அந்த ஹெட்மாஸ்டரையோ நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் எனக்கு நல்லதுதான் நினைத்தார்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும் அன்று எழுதும் ஒரு வரி, 55 வருஷம் கழித்தும் நம்மை விடாது என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

தலைப்பிரசவமும் பெயரில்லாக் குழந்தையும்

சுதந்திரத்துக்குப் பின் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் வருஷத்தியது. பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. இது கட்டாயச் சட்டம். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இப்போதைய விதிப்படி 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஒரு வருஷம் வரை உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டும்.

இங்கேதான் நம் குடும்ப வழக்கம் சர்க்கார் விதியோடு மோதுகிறது. தலைப்பிரசவம் பெண்ணின் பிறந்தகத்தில். புண்யாஹவாசனமும் நாமகரணமும் 11-ஆம் நாள். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நகராட்சிக்குத் தகவல் போயிருக்கும். அதில் பெயர் ஏது? 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயர் வைத்த சந்தோஷத்தில் நகராட்சியை மறந்துவிட்டு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தில்லிக்கோ பம்பாய்க்கோ ரயிலேறிவிடுவோம்.

என் பிள்ளை 1974-ல் கும்பகோணத்தில் பிறந்தான். 1979-ல் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோதுதான் பெயர் இல்லாததைக் கவனித்தேன். பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "இது உங்கள் பிள்ளையின் சர்டிபிகேட்தான். எந்தப் பிள்ளையின் சர்டிபிகேட்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமனாருக்குத் தந்தி கொடுத்தேன். அந்த வயதில் அவர் மூன்று முறை நடந்து, பெயரைச் சேர்த்து வாங்கி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். தபால் வந்தபோது அட்மிஷன் முடிந்து 9 நாள் ஆகியிருந்தது. பிள்ளை அந்த வருஷம் வீட்டில் இருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பஸ் ஏறுவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி பதிவான 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்று விதிகள் இடம் கொடுக்கின்றன. பெரிய வேலையே இல்லை, ஊரில் இருக்கும்போதே செய்தால்.

மாற்றலும் டி.சி.யும்

நம்மவர்கள் வேலைக்காக வடக்கே வந்தபோது, குழந்தைகள் படிப்புக்குத் தாங்களே வழி செய்துகொண்டார்கள். பம்பாய் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தோன்றியது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் வேர் 1920-களுக்குப் போகிறது. ஆனால் மூன்று வருஷத்துக்கொரு ஊர் என்று மாற்றலாகிறவர்களுக்கு இவை போதவில்லை. இரண்டாவது சம்பளக் கமிஷனின் சிபாரிசின் பேரில் 1962-ல் மத்தியப் பள்ளித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 1963-64-ல் ராணுவ ரெஜிமெண்ட் பள்ளிகள் 20-ஐ எடுத்துக்கொண்டு அது தொடங்கியது. 1965-ல் கேந்திரிய வித்யாலய சங்கதன் பதிவாயிற்று. அங்கே அப்பாவின் மாற்றல்தான் குழந்தைக்குச் சிபாரிசு. கடந்த 7 வருஷத்தில் எத்தனை மாற்றல் என்ற அலுவலகச் சான்று கையில் இருக்க வேண்டும்.

வேறு பள்ளிகளுக்கு மாறினால் டி.சி. அவசியம். மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது அதில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பது வெகுகால வழக்கம். சாமான் கட்டும் வாரத்தில் அதற்கு அலைய முடியாது. மாற்றல் உத்தரவு வந்த அன்றே பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

'சர்நேம்' என்ற தலைவலி

நமக்கு இனிஷியல்தான் உண்டு. வடக்கே எல்லாப் படிவத்திலும் சர்நேம் கட்டம் உண்டு. ஆர். ஸ்ரீராம் என்ற பையன் ஒரு காகிதத்தில் ஸ்ரீராம் ராஜகோபாலன், இன்னொன்றில் ராஜகோபாலன் ஸ்ரீராம், மூன்றாவதில் ஸ்ரீராம் ஐயர்! லக்ஷ்மி என்ற பெண்ணுக்கு ஒரு சான்றில் 'எக்ஸ்' போட்டும் இன்னொன்றில் 'கே.எஸ்.' போட்டும் எழுதியிருக்கும். பள்ளியில் சேரும்போது இது சிறிய விஷயம். பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது பூதாகாரமாகிவிடும். நாமகரணத்தன்றே இங்கிலீஷ் எழுத்துக்களைத் தீர்மானம் செய்து, பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

புள்ளிகளின் காலம்

ஒரு காலத்தில் தில்லித் தனியார் பள்ளிகளில் மூன்று வயதுக் குழந்தையையும் பெற்றோரையும் உட்காரவைத்து இன்டர்வியூ செய்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போய், 2006-ல் அசோக் கங்குலி தலைமையில் கமிட்டி அமைந்தது. இன்டர்வியூவுக்குப் பதில் புள்ளி முறை வந்தது. வீட்டின் தூரம், அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்கா, பெற்றோர் படித்த பள்ளி என்று கணக்கு. 2013 டிசம்பரில் 100-க்கு 70 புள்ளி வீட்டின் தூரத்துக்கே என்று உத்தரவாயிற்று. வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்கு 5 புள்ளி கொடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த உத்தரவையே 2014 நவம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்தது. எது மாறினாலும், முகவரிச் சான்றுக்கு உள்ள மதிப்பு குறையவில்லை.

இதற்கிடையில் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. நன்கொடையும் தேர்வும் கூடாது என்றது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, டி.சி. தாமதம் என்பதற்காகவோ சேர்க்க மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அது 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு. 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்றது. உரிமை நம் பக்கம் இருப்பது நல்லதுதான். ஆனால் அட்மிஷன் கடைசி நாளில் கவுன்டரில் நின்று சட்டம் பேசுவதைவிட, காகிதத்தை நீட்டுவது சுலபம் என்பது என் அனுபவம்.

கடைசியாக வந்தது 2023-ன் திருத்தச் சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், சர்க்கார் வேலை முதலியவற்றுக்குப் பிறந்த தேதிக்கான அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அந்த ஒரு காகிதத்தில் பிழை இருந்தால் வேறு காகிதம் கைகொடுக்காது.

எப்போது, எதை?

இளம் பெற்றோர்களுக்கு இந்தக் கிழவனின் யோசனை:

பிரசவம் ஆன ஊரிலிருந்து கிளம்புமுன் பெயரோடு கூடிய பிறப்புச் சான்றிதழை வாங்கி, பெற்றோர் பெயர், தேதி, எழுத்துக்கள் எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

வீடு மாறியவுடன் வாக்காளர் அட்டை, ஆதார், பாஸ்போர்ட் இவற்றில் முகவரியை மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

விண்ணப்பம் போடும் வருஷத்துக்கு முந்தின வருஷமே வயது வரம்பைப் பாருங்கள். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் ஒண்ணாம் வகுப்புக்கு 6 வயது என்றாகி வருகிறது. கேந்திரிய வித்யாலயங்களில் 2022-23 முதல் அப்படித்தான். ஒரு வருஷம் காத்திருந்தால் நஷ்டமில்லை. குழந்தையின் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுத ஒருநாளும் சம்மதிக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டை, போட்டோ, டி.சி., மாற்றல் உத்தரவு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். குழந்தைக்கு அப்போது இரண்டரை வயதுதான், காலம் இருந்தது. அவள் அப்பா ஊரில் விண்ணப்பம் கொடுத்தார், மார்கழி பிறக்குமுன் பெயரோடு சர்டிபிகேட் வந்துவிட்டது. கொண்டுவந்து காட்டினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"இதையும் ஜாதகம் இருக்கும் பெட்டியிலேயே வை அம்மா" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.